புகைபோக்கியிலிருந்து கற்கரிச் சூளை வரை: நிலக்கரித் தாரும் தொழிலாளரும்

கொழும்பு, புறக்கோட்டையில் ‘கேஸ் வேர்க்ஸ் ஸ்ட்ரீட்’ என்றொரு தெரு இருக்கிறது. வியாபாரிகளும் மூட்டை சுமப்போரும் நெருக்கியடிக்கும் அந்த வட்டாரத்தில் பெயர் மட்டுந்தான் இன்று எஞ்சியிருக்கிறது. பிரித்தானியர் ஆட்சியில் நிலக்கரியைச் சுட்டு விளக்கெரிக்கும் வாயு எடுத்த காலத்தின் எச்சம் அது. மின்சார விளக்கு வருவதற்கு முன்னர் உலகின் பெரிய நகரங்கள் பலவற்றில் இரவு வெளிச்சம் என்பது நிலக்கரி வாயுவின் வெளிச்சமே. 1812இல் லண்டனில் அரச பட்டயத்துடன் ஒரு வாயுக் கம்பனி தொடங்கப்பட்டதிலிருந்து அந்த நூற்றாண்டு முழுவதும் இத்தொழில் நகரம் நகரமாகப் பரவியது.

அதன் செய்முறை எளியது. நிலக்கரியைக் காற்றுப் புகாத கலத்தில் இட்டுக் கடுமையாகச் சூடாக்கினால் அது எரியாது, பிரியும். வாயு மேலே போகும். கற்கரி, அதாவது கோக், கலத்தில் எஞ்சும். இடையில் குளிர்ந்து படிவது கறுத்த, நாற்றமடிக்கும், பிசுபிசுப்பான ஒரு திரவம். அதுவே நிலக்கரித் தார். வாயுவை விற்றார்கள், கற்கரியையும் விற்றார்கள். தாரை என்ன செய்வதென்று முதலில் எவருக்கும் தெரியவில்லை.

தார் என்றதும் நம்மவர்களுக்கு வீதியோரத்துப் பீப்பாய்தான் கண்முன் வரும். இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். இன்று வீதிகளுக்கு இடப்படும் தார் பெரும்பாலும் மசகெண்ணெயைச் சுத்திகரித்தபின் அடியில் எஞ்சும் பிற்றுமன். நிலக்கரித் தார் வேறு. நிறத்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் நிலக்கரித் தாரில் உள்ள நச்சு அதிகம். ஒரு காலத்தில் பல நாடுகளில் வீதிக்கும் இதையே ஊற்றினார்கள் என்பது உண்மை. தாரைக் காய்ச்சி வடித்தால் கிடைக்கும் கிரியோசோட் எண்ணெயை 1838இல் ஜோன் பெத்தெல் என்ற ஆங்கிலேயர் மரத்தைப் பாதுகாக்கப் பயன்படுத்தி உரிமம் பெற்றார். உலகெங்கும் இரயில் பாதைகளின் சிலிப்பர் கட்டைகள் உக்காமலும் செல்லரிக்காமலும் கிடந்தமைக்கு அந்த எண்ணெயே காரணம். (வடபகுதியைச் சேர்ந்த என் தலைமுறையினருக்குச் சிலிப்பர் கட்டை என்றால் இரயிலைவிடப் பதுங்குகுழிதான் முதலில் நினைவுக்கு வரும். அது வேறு கதை.) கார்போலிக் அமிலம், அலமாரியில் வைக்கும் பூச்சி உருண்டை, சக்கரின், செயற்கைச் சாயங்கள் ஆகியவற்றோடு பின்னாளில் மருந்துகள் பலவும் இந்தக் கறுப்புத் திரவத்திலிருந்தே பிறந்தன. ஐரோப்பாவின் இரசாயனக் கைத்தொழிலை நிலக்கரித் தாரின் பிள்ளை என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்தப் பிள்ளையை வளர்த்தவர்களின் உடல்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். தாருக்கும் அதன் வழித்தோன்றல்களுக்கும் இடையில் வேலை செய்தவர்களைப் புற்றுநோய் பிடித்தது. அது தெரியாமல் நடந்ததல்ல. ஒவ்வொரு கட்டத்திலும் எவரோ ஒரு மருத்துவர் அதைக் கண்டார், எழுதினார், அச்சிட்டார். அச்சிட்டதற்கும் ஆலையில் எதாவது மாறியதற்கும் இடையில் எத்தனை ஆண்டுகள் கழிந்தன என்பதைக் கணக்கிடும்போதுதான் வரலாறு கசக்கிறது.

தார் ஒரு வியாபாரப் பொருளாவதற்கு முன்னரே அதன் உடன்பிறப்பான புகைக்கரி தன் வேலையைக் காட்டிவிட்டது. 1775இல் லண்டன் சென். பார்த்தலோமியு வைத்தியசாலையின் அறுவை மருத்துவர் பேர்சிவல் பொட் ஒரு நூல் வெளியிட்டார். முள்ளந்தண்டைத் தாக்கும் காசநோய்க்கு இன்றும் அவருடைய பெயரே வழங்குகிறது. கண்புரை, மூக்கில் வளரும் சதை என்று பலவற்றைப் பேசும் அந்நூலில் சில பக்கங்கள் மாத்திரம் புகைபோக்கி துப்புரவு செய்வோரின் விதைப்பைத் தோலில் வரும் புற்றுநோயைப் பற்றியவை. ஒரு தொழிலையும் ஒரு புற்றுநோயையும் நேரடியாக இணைத்த முதல் எழுத்து என மருத்துவ உலகம் அதைக் கொண்டாடுகிறது.

லண்டனின் வீடுகளில் நிலக்கரி எரிந்தது. புகைபோக்கிகள் ஒடுக்கமானவை; வளைந்து நெளிந்து செல்பவை. அவற்றுக்குள் ஏறிக் கரியைச் சுரண்ட உடல் சிறியவர்களே வேண்டும். எனவே நான்கைந்து வயதுச் சிறுவர்களை, பெரும்பாலும் அநாதைகளையும் ஏழைகளின் பிள்ளைகளையும், இந்த வேலைக்குப் பழக்கினார்கள். உடை சிக்கிக்கொள்ளும் என்பதால் அவர்கள் பல வேளைகளில் நிர்வாணமாகவே ஏறினார்கள். கரி தோலின் மடிப்புகளில் தங்கியது. குளிப்பது அரிது, கரி மூட்டையின் மீதே படுத்துறங்கியவர்களும் உண்டு. நோய் சிறுவயதில் வெளிப்படுவதில்லை. பருவமடைந்த பின்னர், வேலையை விட்டும் சில ஆண்டுகளான பின்னர், ஒரு சிறு பருவாகத் தொடங்கும். இடத்தைப் பார்த்த மருத்துவர்கள் இது மேகநோய் என்று முடிவுகட்டிப் பாதரசம் கொடுத்தார்கள். நோயாளியின் ஒழுக்கத்தின் மேல் பழி போட்டுவிட்டால் காரணம் தேட வேண்டியதில்லை அல்லவா? பொட் செய்த பெரும் காரியம் அந்தப் பழியைத் துடைத்ததுதான் என்பது என் எண்ணம். இது இவர்களின் நடத்தையால் வந்ததல்ல, இவர்களின் தொழிலால் வந்தது என்று அவர் எழுதினார்.

பிறகு என்ன நடந்தது? 1788இல் பிரித்தானிய நாடாளுமன்றம் எட்டு வயதுக்குக் குறைந்தவர்களை இத்தொழிலில் அமர்த்தக்கூடாதென்று சட்டம் செய்தது. அதை நடைமுறைப்படுத்த ஆளில்லை. 1834, 1840, 1864 என்று சட்டங்கள் வந்துகொண்டேயிருந்தன. சிறுவர்களும் ஏறிக்கொண்டேயிருந்தார்கள். நீண்ட பிடியுள்ள துடைப்பங்கள் அதற்குள் வந்துவிட்டன. ஆனால் வளைந்த புகைபோக்கிகளை இடித்துக் கட்டச் செலவாகும், சிறுவனுக்குச் செலவு குறைவு. 1875இல் கேம்பிரிட்ஜ் அருகே ஒரு மனநோய் வைத்தியசாலையின் புகைபோக்கியில் சிக்கிப் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். ஷாஃப்ட்ஸ்பரி பிரபு அதை முன்வைத்துப் போராடியதன் பின்னரே துப்புரவாளர்களுக்குப் பொலிஸ் அனுமதிப்பத்திரம் கட்டாயமாகி, இந்த வழக்கம் உண்மையில் ஒழிந்தது. பொட்டின் நூலுக்கும் இதற்கும் இடையே சரியாக நூறு ஆண்டுகள்.

சிறுவர்கள் ஏறுவது நின்ற பின்னரும் அந்தப் புற்றுநோய் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. முன்னர் ஏறியவர்கள் முதியவர்களாகி வைத்தியசாலைகளுக்கு வந்தார்கள். துடைப்பத்தோடு வளர்ந்தவர்களும் கரியிலேயே வேலை செய்தார்கள். 1892இல் ஹென்றி பட்லின் என்ற அறுவை மருத்துவர் லண்டனில் நிகழ்த்திய சொற்பொழிவுகள் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கவை. அவர் கேட்ட கேள்வி மிக எளிமையானது: இங்கிலாந்தில் இவ்வளவு காணப்படும் இந்நோய் ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் அரிதாக இருப்பது ஏன்? அங்கும் புகைபோக்கிகள் உண்டு, துப்புரவாளர்களும் உண்டு. அவர் விசாரித்துப் பார்த்தார். ஜேர்மனியிலும் அயல் நாடுகளிலும் துப்புரவாளர்கள் கழுத்திலிருந்து கால்வரை இறுக்கமாக மூடிய உடை அணிந்தார்கள். வேலை முடிந்ததும் உடலைக் கழுவினார்கள். வேறெந்த மர்மமும் இல்லை. ஒரு மூடிய சட்டையும் ஒரு வாளி நீரும் சவர்க்காரமும். நோயின் மூலப்பொருள் என்னவென்று எவருக்கும் தெரியாத காலத்திலேயே அதைத் தடுக்கும் வழி தெரிந்திருந்தது. இரசாயனத்தின் பெயரைக் கண்டுபிடித்த பின்னர்தான் நடவடிக்கை எடுக்க முடியும் என்று இன்றும் சிலர் வாதிடுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பட்லினின் வாளிதான் நினைவுக்கு வரும்.

தாரை நேரடியாகக் கையாண்டவர்களிடம் இதே நோய் தோன்றுவதை ஜேர்மனியின் ஹாலே நகரில் ரிச்சர்ட் ஃபொன் ஃபோல்க்மன் 1875இல் பதிவு செய்தார். பழுப்பு நிலக்கரியிலிருந்து தாரும் பாரபினும் எடுத்த தொழிலாளர்கள் அவர்கள். மறு ஆண்டே எடின்பரோவில் ஜோசப் பெல், எண்ணெய்ப் பாறையிலிருந்து பாரபின் எடுத்தவர்களிடம் அதைக் கண்டார். அதற்கும் பின்னர் வேல்ஸ் நாட்டுத் துறைமுகங்களில் நிலக்கரித் தூளைக் கீலுடன் சேர்த்து அழுத்தி எரிபொருட் கட்டிகள் செய்த ஆலைகளில் நோய் மலிந்தது. கீல் என்பது தாரைக் காய்ச்சி வடித்தபின் அடியில் எஞ்சும் கறுத்த கட்டி. அதன் தூள் பட்ட தோல் வெயிலில் நெருப்பாக எரியும்; கண் சிவக்கும். பிறகு முகத்திலும் கையிலும் மருக்கள் தோன்றும். பல மருக்கள் மருக்களாகவே நிற்கும், சில மாறும். பிரித்தானியா 1907ஆம் ஆண்டளவில் தாராலும் கீலாலும் வரும் தோற் புற்றுநோயை நட்டஈட்டுக்குரிய தொழில்நோயாக ஏற்றது. 1920 முதல் அது அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோயாயிற்று. 1934இல் சர்வதேசத் தொழில் அமைப்பின் 42ஆம் இலக்கச் சமவாயம் தார், கீல், பிற்றுமன், கனிய எண்ணெய், பாரபின் ஆகியவற்றால் வரும் தோற் புற்றுநோயைத் தொழில்நோய் அட்டவணையில் சேர்த்தது.

இத்தனைக்கும் ஆய்வுகூடத்தில் எவராலும் தாரைக்கொண்டு ஒரு மிருகத்துக்குப் புற்றுநோயை உண்டாக்க முடியவில்லை. சுவிற்சர்லாந்திலும் பிரான்சிலும் முயன்றவர்கள் சில வாரங்களோ சில மாதங்களோ பூசிவிட்டுக் கைவிட்டார்கள். டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தின் கட்சுசபுரோ யமகிவா, நோய் மெதுவாக வருவதென்றால் சோதனையும் மெதுவாகத்தான் நடக்கவேண்டும் என்று தீர்மானித்தார். அவருடைய உதவியாளர் கொயிச்சி இச்சிகாவா முயல்களின் காதுகளின் உட்புறத்தில் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை நிலக்கரித் தாரைப் பூசினார். ஒரு வாரமல்ல, ஒரு மாதமல்ல, மாதக்கணக்கில். 1915இல் அவர்கள் உண்மையான புற்றுநோயைக் காட்டினார்கள். பொட்டின் சிறுவர்களிடம் இயற்கை நடத்திய சோதனையை ஆய்வுகூடத்தில் மீண்டும் நடத்திக்காட்டியவர்கள் இந்த இருவரே. ஆனால் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான 1926ஆம் ஆண்டின் நோபல் பரிசு, எலிகளின் இரைப்பையில் புழுக்களால் புற்றுநோய் வருகிறதென்று சொன்ன டென்மார்க்கின் யொஹானஸ் ஃபிபிகருக்குப் போயிற்று. அவருடைய முடிவு பின்னர் பிழையென்று கண்டறியப்பட்டது. பரிசு திருத்தப்படவில்லை, யமகிவா 1930இல் காலமானார்.

தாருக்குள் ஒளிந்திருக்கும் பொருள் எது என்பதை லண்டன் புற்றுநோய் வைத்தியசாலையில் ஏர்னஸ்ட் கென்னவேயின் குழு தேடியது. புற்றுநோய் உண்டாக்கும் தார்களை ஒளியில் வைத்துப் பார்த்தால் அவை உமிழும் ஒளிர்வில் ஒரே விதமான பட்டைகள் தெரிவதை இஸ்ரேல் ஹைகர் கவனித்தார். அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு தொன் கீலைப் பகுதி பகுதியாகப் பிரித்து, 1933இல் குக், ஹுவெட், ஹைகர் மூவரும் ஒரு தூய பொருளைப் பெயரோடு முன்வைத்தார்கள். இன்று அதன் பெயர் பென்சோ-ஏ-பைரீன். சிகரெட் புகையிலும் கருகிய இறைச்சியிலும் விறகடுப்புப் புகையிலும் இருப்பது இதுவே. பொட்டுக்கும் இதற்கும் இடையில் 158 ஆண்டுகள்.

இவ்வளவும் தோலைப் பற்றியது. இனிச் சாயத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். 1856இல் பதினெட்டு வயது வில்லியம் ஹென்றி பேர்க்கின், லண்டனில் தன் வீட்டு ஆய்வுகூடத்தில், தாரிலிருந்து பெறும் அனிலீனைக் கொண்டு மலேரியாவுக்கான குயினைனைச் செய்ய முயன்றான். குயினைன் வரவில்லை, ஊதா நிறம் வந்தது. (பேரரசுக்குக் குயினைன் எவ்வளவு தேவைப்பட்டதென்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு: நுவரெலியாவுக்கு அருகே ஹக்கல பூங்கா 1861இல் தொடங்கப்பட்டதே சிங்கோனா மரம் வளர்ப்பதற்காகத்தான்.) அந்த ஊதாவிலிருந்து செயற்கைச் சாயக் கைத்தொழில் எழுந்தது. சிறிது காலத்தில் அதன் தலைமை ஜேர்மனிக்குச் சென்றது.

ஃபிராங்க்பர்ட் நகரின் அறுவை மருத்துவர் லூட்விக் றேன் 1895இல் ஜேர்மன் அறுவை மருத்துவர் மாநாட்டில் ஓர் உரை நிகழ்த்தினார். மறு ஆண்டு கத்திக்குத்துப்பட்ட மனித இதயத்தைத் தைத்து உயிர்காத்தவர் என்ற புகழ் பெற்றவர் இவரே. மெஜென்டா நிறச் சாயமான ஃபுக்சின் செய்யும் வேலையில் இருந்த 45 பேருள் மூவருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி கண்டதாக அவர் சொன்னார். மூன்று என்பது சிறிய எண்தான். ஆனால் 45 பேரில் மூவர் என்பது சிறியதல்ல. அனிலீன் புற்றுநோய் என்று பெயரும் சூட்டப்பட்டது. பிற்பாடு அனிலீன் முதற் குற்றவாளியல்ல என்று தெரியவந்தது. பென்சிடினும் பீட்டா-நப்தைலமினும் ஆகிய இரு இடைநிலைப் பொருள்களே பெரும் கேடு விளைத்தவை. சர்வதேசத் தொழில் அமைப்பு 1921இலேயே இவ்விரண்டின் மீதும் விரல் நீட்டியது.

அதன் பிறகுதான் அமெரிக்காவின் டூபொன்ட் கம்பனி இப்பொருள்களை அதிக அளவில் செய்துகொண்டிருந்தது. ஜேர்மனியிலிருந்து குடியேறிய வில்ஹெல்ம் ஹூப்பர் என்ற நோய்க்குறியியலாளர் அக்கம்பனியின் ஆய்வுகூடத்தில் 1930களின் நடுப்பகுதியில் பணியாற்றினார். பீட்டா-நப்தைலமினை நாய்களுக்குக் கொடுத்துச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டினார். எலியிலும் முயலிலும் வெளிப்படாத ஒன்றை நாயில் காட்டியதால் சோதனை முறைக்கே அது ஒரு திருப்பமாயிற்று. 1938இல் முடிவு வெளியானபோது அவர் அக்கம்பனியில் இல்லை; 1937இலேயே வேலைநீக்கம் செய்யப்பட்டிருந்தார். அக்கம்பனி பீட்டா-நப்தைலமின் உற்பத்தியை நிறுத்தியது 1955இல். ஹூப்பர் தொழில்சார் புற்றுநோய்கள் குறித்து 1942இல் எழுதிய பெருநூல் பின்னர் வந்தவர்களுக்கெல்லாம் அடிப்படை நூலாயிற்று. றேச்சல் கார்சன் தம்முடைய ‘மௌன வசந்தம்’ நூலுக்கு அவரிடமிருந்து நிறையப் பெற்றுக்கொண்டார்.

பிரித்தானியாவில் றொபர்ட் கேஸ், சாய ஆலைகளின் பழைய ஊழியர் பதிவேடுகளையும் மரணச் சான்றிதழ்களையும் பொருத்திப் பார்த்து 1954இல் ஆய்வு முடிவை வெளியிட்டார். நோய் வெளிப்படச் சராசரியாகப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது என்று தெரிந்தது. அதற்குள் தொழிலாளி வேறு வேலைக்குப் போயிருப்பான் அல்லது ஓய்வுபெற்றிருப்பான். ஆலை வாசலில் நின்று பார்த்தால் உள்ளே எல்லாரும் நலமாகத்தான் தெரிவார்கள். சாயத் தொழிலோடு தொடர்பே இல்லாத இறப்பர் ஆலைகளிலும் இதே நோய் கண்டது. இறப்பர் விரைவில் பழுதடையாமலிருக்கச் சேர்க்கும் ஒரு பொருளில் பீட்டா-நப்தைலமின் கலப்படமாக இருந்ததே காரணம். 1949இல் அப்பொருள் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. நோயுற்ற தொழிலாளர்கள் தொடுத்த வழக்கில், டயர் செய்த டன்லப் கம்பனியும் பொருளை விற்ற ஐசிஐ கம்பனியும் பொறுப்பாளிகள் என்று இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் 1972இல் தீர்ப்பளித்தது. பீட்டா-நப்தைலமினையும் பென்சிடினையும் செய்வதையும் பயன்படுத்துவதையும் பிரித்தானியச் சட்டம் தடுத்தது 1967இல். றேன் உரையாற்றி 72 ஆண்டுகளாகியிருந்தன.

தோல், சிறுநீர்ப்பை என்ற வரிசையில் மூன்றாவது நுரையீரல். என் பார்வையில் இந்த வரலாற்றின் மிகமுக்கியமான பகுதி இதுவே. காரணம், உண்மை எண்களுக்குள் எப்படி ஒளிந்துகொள்கிறது என்பதை இதைப்போல் காட்டுவது வேறில்லை.

உருக்கு செய்யக் கற்கரி வேண்டும். ஒடுக்கமான, உயர்ந்த சூளைகள் பலவற்றை புத்தகங்களை அடுக்கியதுபோல் வரிசையாகக் கட்டி, மேலேயுள்ள துளைகள் வழியாக நிலக்கரியைக் கொட்டி, மூடியிட்டு, ஆயிரம் பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் பதினாறு, பதினெட்டு மணித்தியாலங்கள் சுடுவார்கள். கொட்டும்போதும் மூடும்போதும் மஞ்சளும் பழுப்புமாகப் புகை கிளம்பும். அந்தப் புகை ஆவியாகிய தார் அன்றி வேறல்ல. சூளைகளின் கூரைமீது நின்று தள்ளுவண்டியை இயக்குபவரும் மூடிகளைத் திறந்து மூடுபவரும் அதைச் சுவாசித்தே வேலை செய்தார்கள். காலடியில் சூடு தாங்காது என்பதால் மரத்தாலான அடியுள்ள காலணிகளை அணிந்தார்கள்.

வாயு நிலையத் தொழிலாளர்களுக்கு நுரையீரற் புற்றுநோய் கூடுதலாக வருகிறது என்பதை ஜப்பானின் யவாட்டா உருக்காலையிலிருந்து 1936இல் வந்த அறிக்கையும், லண்டனில் கென்னவேயின் கணக்குகளும், 1952இல் றிச்சர்ட் டோலின் ஆய்வும் காட்டியிருந்தன. ஆயினும் கற்கரிச் சூளைகளைப் பற்றி 1956இல் பிரித்தானியாவில் நடத்திய ஓர் ஆய்வில் அப்படியொரு மிகுதி தெரியவில்லை. சூளை ஆபத்தில்லை என்று சொல்ல விரும்பியவர்களுக்கு அது வசதியாக இருந்தது.

அமெரிக்காவின் பிற்ஸ்பர்க் நகரைச் சூழ்ந்த அலகெனி மாவட்டத்தில் ஏழு உருக்காலைகளில் 1953இல் பணியாற்றிய சுமார் 59,000 தொழிலாளர்களின் வாழ்வும் மரணமும் பின்தொடர்ந்து பதியப்பட்டன. அவ்வாய்வின் ஒரு பகுதியாக வில்லியம் லொயிட் 1971இல் கற்கரி ஆலை பற்றிய கட்டுரையை வெளியிட்டார். கற்கரி ஆலைத் தொழிலாளர் எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்தால் நுரையீரற் புற்றுநோய் ஓரளவு கூடுதல். வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்தால் கறுப்பின மக்களிடம் மிகக் கூடுதல். இதைக் கண்டவுடன் ‘அவர்களின் உடல்வாகு அப்படி’ என்று சொல்லிவிட்டுப் போவது எத்தனை இலகு! லொயிட் அங்கே நிற்கவில்லை. ஒவ்வொருவரும் ஆலையின் எந்த மூலையில், எத்தனை ஆண்டு, என்ன வேலை செய்தார் என்று பிரித்தார். சூளைகளின் கூரைமீது முழுநேரமும் ஐந்தாண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவர்களிடம் நுரையீரற் புற்றுநோய் மரணம் எதிர்பார்க்கத்தக்க அளவைப்போல் பத்து மடங்கு இருந்தது. கூரைமீதான வேலை, ஆலையின் மிக மோசமான வேலை. அந்த வேலைக்குப் பெரும்பாலும் கறுப்பினத்தவர்களே அனுப்பப்பட்டார்கள். இனம் என்று தோன்றியது உண்மையில் வேலைப் பங்கீடு.

செய்தித்தாள் மேசையில் நீண்டகாலம் புள்ளிவிவரங்களோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. ஒரு சராசரி நமக்கு முன் வைக்கப்படும்போது, அதில் யார் யாரைச் சேர்த்து வகுத்தார்கள் என்பதே முதற் கேள்வியாக இருக்கவேண்டும். அலுவலகத்துக் கணக்காளரையும் சூளைக் கூரையில் நின்றவரையும் ஒரே தொகையில் போட்டால் கூரையில் நின்றவரின் மரணம் காணாமற்போய்விடும். ஓய்வுபெற்றவர்களை விட்டுவிட்டு வேலையில் இருப்பவர்களை மட்டும் எண்ணினாலும் அப்படியே. எவரும் பொய் சொல்லவேண்டிய அவசியமே இல்லை.

உருக்குத் தொழிலாளர் சங்கம் லொயிட்டின் ஆய்வைக் கையிலெடுத்தது. 1976 ஒக்டோபரில் அமெரிக்கத் தொழிற் பாதுகாப்பு நிருவாகம் கற்கரிச் சூளைகளுக்கென்று தனி விதிகளை வெளியிட்டது: எட்டு மணித்தியால வேலையில் சுவாசிக்கும் காற்றின் ஒரு கனமீற்றரில் பென்சீனில் கரையும் தார்ப்பொருள் 150 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது, கதவுகளும் மூடிகளும் கசியாதபடி பராமரிக்கப்படவேண்டும், சுவாசக் கவசம், தினமும் சுத்தமான வேலை உடை, வேலை முடிந்ததும் குளிக்க வசதி. பட்லின் ஐரோப்பாவில் கண்ட சட்டையும் நீரும் சவர்க்காரமும் 84 ஆண்டுகளின் பின்னர் சட்ட வாசகமாகின. உருக்குக் கம்பனிகள் இவ்விதிகளை எதிர்த்து நீதிமன்றம் சென்றன. விதிகளின் பெரும்பகுதி நிலைத்தது.

அலுமினியம் உருக்கும் ஆலைகளில் இன்னொரு அத்தியாயம். சோடர்பேர்க் என்னும் முறையில் நிலக்கரிக் கீல் கலந்த பசையே மின்வாயாகி, தொழிலாளர் நடமாடும் கூடத்திலேயே வெந்து ஆவி விடுகிறது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் அந்தக் கூடங்களில் பணியாற்றியவர்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் மிகுந்திருப்பதை ஜில் தேரியோ தலைமையிலான குழு 1980களில் நிறுவியது. சாய ஆலையோடு முடிந்ததென்று எண்ணிய நோய், சாயமே இல்லாத இடத்தில் மீண்டும் தலைகாட்டியது.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் நிலக்கரித் தார், கீல், புகைக்கரி ஆகியவற்றை 1985இல் மனிதருக்கு நிச்சயமாகப் புற்றுநோய் விளைப்பவை என்று மதிப்பிட்டது. புகைக்கரி பற்றிப் பொட் எழுதியதிலிருந்து அதற்கு 210 ஆண்டுகள் கழிந்திருந்தன.

மேற்கு நாடுகளில் வாயு நிலையங்கள் மூடப்பட்டுவிட்டன. வடகடலின் இயற்கை வாயு வந்த பின்னர் பிரித்தானியாவில் நிலக்கரி வாயு வழக்கொழிந்தது. கற்கரிச் சூளைகளும் அங்கே குறைந்துகொண்டு வருகின்றன. ஆனால் கற்கரியின் தேவை குறையவில்லை. இன்று உலகின் கற்கரியில் பாதிக்கு மேற்பட்டது சீனாவில் உற்பத்தியாகிறது. இந்தியாவின் உருக்காலைகளிலும் சூளைகள் இரவுபகலாக எரிகின்றன. அங்கே கூரைமீது நிற்பவர்களில் எத்தனை பேர் நிரந்தரத் தொழிலாளர், எத்தனை பேர் ஒப்பந்தக்காரர் மூலம் வந்து ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குத் திரும்புபவர்கள் என்பது முக்கியமான கேள்வி. ஏனென்றால் இருபது ஆண்டுகள் கழித்து ஊரில் இருமிக்கொண்டிருப்பவரின் பெயர் எந்த ஆலையின் பதிவேட்டில் இருக்கும் என்பதைப் பொறுத்தே இன்னொரு லொயிட் அவரைக் கண்டுபிடிக்க முடியும்.

1976இல் அமெரிக்கா விதித்த 150 மைக்ரோகிராம் எல்லை இன்றுவரை மாற்றப்படவில்லை.